வீராணம் ஏரி: ததும்பி நின்றாலும் ஒன்பது அங்குலம்தான்

வீராணத்துக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தால் முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ஒன்றரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. அதை நம்பியிருக்கும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 44,856 ஏக்கர். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. பெருக்கி வகுத்துப் பாருங்கள்: ததும்ப நிற்கும் ஏரியை ஒரே மூச்சில் திறந்து அத்தனை வயலிலும் பரப்பினால் ஒன்பது அங்குலம்தான் நிற்கும். சம்பா நெல்லுக்கு நாற்றங்கால் முதல் கதிர் முற்றும் வரை, மழையையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கடித் தண்ணீர் வேண்டும். அதில் பாதியை வடகிழக்குப் பருவமழை கொடுத்துவிட்டால்கூட, மீதிக்கு ஏரி ஒரே பருவத்தில் மூன்று நான்கு முறை நிரம்பி வடிய வேண்டும்.

அதனால் இதை ஒரு சேமிப்புக் கிடங்காக நினைத்துக்கொண்டு மதிப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே நின்று, வந்ததை வாங்கி அளந்து விடுகிற ஏரி இது. வருகிற தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை இதைப் போல வேலை செய்யும் ஏரி வட தமிழ்நாட்டில் குறைவு. வரத்து நின்றால் சில வாரங்களில் கையை விரித்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிடலாம். செய்தித்தாள்களில் தினமும் வரும் "முழு மட்டம் 47.50 அடி" என்பது ஏரியின் ஆழம் இல்லை. அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரிப் படுகையே கடல்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. படுகைக்கு மேலே நிற்கிற தண்ணீர் அதில் ஒரு சிறு பகுதி. பரப்பு மிகப் பெரிது, ஆழம் மிகக் குறைவு. ஆகவே மட்டம் ஓரடி இறங்கியது என்றால் ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. மேல் மட்டத்தில் இருக்கிற ஓரடிதான் ஏரியிலேயே அதிகத் தண்ணீர் பிடிக்கிற ஓரடி.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், வடக்கே சேத்தியாத்தோப்பு வரை நீண்டு கிடக்கிறது ஏரி. பத்தாம் நூற்றாண்டு வேலை. முதலாம் பராந்தகச் சோழனுக்கு வீரநாராயணன் என்றொரு பட்டம். ஏரிக்கும் அந்தப் பெயர்தான், பேச்சுவழக்கில் தேய்ந்து வீராணமாகிவிட்டது. 949-இல் தக்கோலப் போரில் இறந்த இளவரசன் இராசாதித்தன், படையோடு இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது வீரர்களை வைத்து வெட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கரையின் நீளத்தைப் பதினான்கு கிலோமீட்டர் என்பாரும் உண்டு, பதினாறு என்பாரும் உண்டு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்தது.

வரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேட்டூரில் திறந்த காவிரி கல்லணைக்கு வந்து, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் இருக்கும் கீழணையில் தேங்குகிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை அது. ஒன்பதடித் தேக்கம்தான், அங்கே சேர்த்து வைக்க இடம் கிடையாது. தண்ணீரை உயர்த்தி வாய்க்கால்களில் திருப்பி விடுவதற்கான அணை. அதிலிருந்து வடக்கே பிரியும் வடவாறுதான் வீராணத்தின் உயிர்நாடி. வடவாற்றில் விநாடிக்கு 2,000 கன அடி ஓடினால் ஒரு நாளைக்கு 172.8 மில்லியன் கன அடி சேரும். காலி ஏரி எட்டு ஒன்பது நாளில் நிரம்பிவிடும். அதே வடவாறு 500 கன அடியாகச் சுருங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். இதற்கிடையில் பாசனத்துக்கும் விட வேண்டும் என்றால் மட்டம் ஏறவே ஏறாது.

வடவாற்றில் தகராறு எங்கே என்றால் வாயிலும் கரையிலும். கீழணையிலிருந்து பிரிகிற தலைப்பில் மணல் ஏறினால், கீழணையில் முழுத் தேக்கம் இருந்தும் உள்ளே இறங்குகிற தண்ணீர் குறையும். கரையோரத்தில் ஆகாயத்தாமரையும் நாணலும் சேர்ந்தால் அதே மட்டத்துக்கு ஓடுகிற அளவு குறையும். தண்ணீரைக் கூட்டி விட்டால் கரை தாங்குமா என்ற கேள்வி வந்து நிற்கும். தூர்வாரும் பணம் எப்போதும் ஏரிக்கு என்றுதான் கேட்கப்படுகிறது. வடவாற்றின் தலைப்பைச் சுத்தமாக வைத்தால் அதே பணத்துக்கு அதிகப் பலன் கிடைக்கும் என்பது எங்கள் கருத்து. நாற்று விட்டுக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு வாரம் முன்னால் ஏரி நிரம்புவது, ஏரியில் இன்னும் அரையடி ஆழம் கிடைப்பதைவிடப் பெரிது.

கரைக்கு வருவோம். இது முழுக்க மண்கரை. நிலம் கிழக்கே சரிவதால் பாரத்தைத் தாங்குவது கிழக்குக் கரை. உச்சியில் சாலை போகிறது, ஏரிப்பக்கச் சரிவில் கல் பதித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு வண்டல் களி இறுகி ஊறிப்போன கரை என்பதால் உடல் உறுதியானது. புதிதாகக் கட்டிய மண்ணணை எதற்கும் இந்த இறுக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. பலவீனம் இருப்பது மேல்தோலில். ஆடி ஆவணியில் ஏரி ஏறிக்கொண்டிருக்கும்போது மேலைக்காற்று நேராகக் கிழக்குக் கரையில் வந்து அடிக்கும். அகன்ற ஏரி, தடுக்க ஒன்றுமில்லை. கல்லுக்குப் பின்னால் சரளையும் மணலும் முறையாகப் போட்டிருந்தால் அலை வந்து வந்து திரும்பும். அது இல்லாமல் வெறும் மண்மேல் கல்லை அடுக்கியிருந்தால், திரும்புகிற தண்ணீர் கல்லிடுக்கு வழியே மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். கல் தொங்கும், பிறகு சரியும். சரிந்த இடத்தில் கல்லை மட்டும் எடுத்து வைத்துப் பூசிவிட்டால் அடுத்த ஆடியிலும் அதே இடத்தில் சரியும்.

கசிவைப் பற்றிக் கரையோர ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. மண்கரையில் கசிவு இருப்பது இயல்பு. வெளிப்புறக் கரையடியில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருந்தால் பயமில்லை, வடிகாலைத் திறந்து வைத்தால் போதும். கசிவு கலங்கினால்தான் ஆபத்து. கலங்கல் என்றால் கரைக்குள்ளிருந்து மண் கிளம்பிவிட்டது, உள்ளே ஒரு குழாய்போல வழி உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பலர் செய்கிற காரியம், வெளியே பொங்குகிற வாயைக் களிமண்ணால் அடைப்பது. அடைத்தால் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். பொங்குகிற இடத்தைச் சுற்றி மணல்மூட்டையால் வட்டமாக வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் ஏறவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வாயின்மேல் முதலில் பெருமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது. களிமண்ணையும் தார்ப்பாயையும் ஏரிப்பக்கம் கொண்டுபோங்கள்.

பெரும்பாலும் இந்தக் கலங்கல் கசிவு மதகுகளை ஒட்டித்தான் வரும். மண்ணும் கட்டடமும் சேர்கிற இடம் எப்போதும் சரியாக ஒட்டாது. ஏரி வறண்டு களி வெடிக்கிற கோடையில் அங்கே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது அதுதான் வழி. நண்டுவளையும் எலிவளையும் கூடச் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கரைமேல் வேலிக்கருவை வளரவிடுவது இன்னொரு தப்பு. நிற்கும்போது நிழல், வெட்டிய பிறகு வேர் அழுகிய பொந்து. கரைக்கு அறுகம்புல்தான் சரி.

ஏரியில் பாசன மதகுகள் 34. பெரும்பகுதி கிழக்குக் கரையில். பழைய சோழர் காலத்துக் குமிழித்தூம்பு வகை எல்லாம் போய், இப்போது இரும்புப் பலகையும் திருகுத் தண்டும். கிட்டே போய்ப் பாருங்கள்: மேலே ஒரு பல்சக்கரப் பெட்டி, கைப்பிடி, அதிலிருந்து இறங்கும் மரையிட்ட தண்டு, அடியில் பலகை. தண்டில் கிரீஸ் கறுத்து, மண்ணும் பூச்சியும் ஒட்டியிருந்தால் அந்த மதகு உழைக்கிறது என்று அர்த்தம். தண்டு செம்பழுப்பாகத் துருவேறி, மரையின் விளிம்பு மழுங்கியிருந்தால் கடந்த பருவத்தில் யாரும் தொடவில்லை. தண்டு நடுவில் லேசாக வளைந்திருந்தால் கதை வேறு. பலகைக்கடியில் கட்டையோ கல்லோ சிக்கியிருக்கும்போது தெரியாமல் பலங்கொண்டு இறக்கியிருக்கிறார்கள். பலகை முழுதாக உட்காராமல் இருந்தால் கைப்பிடியை மேலும் திருகக் கூடாது. கொஞ்சம் தூக்கி, தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, சிக்கியது அடித்துப் போன பிறகு இறக்க வேண்டும். மதகைத் திறந்து மூடும் ஊழியர்களான லஸ்கர்களுக்கு இது தெரியும். பிரச்சினை, ஒரு லஸ்கர் எத்தனை மதகைப் பார்க்க முடியும் என்பதுதான்.

வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. மதகைத் திறந்த அளவு மாறாமலே இருந்தாலும் தண்ணீர் மாறும். மதகு வாய்க்கு மேல் நான்கடி நிற்கும்போது வந்த தண்ணீரில் பாதிதான் ஓரடி நிற்கும்போது வரும். ஏரி இறங்க இறங்கப் பலகையை ஏற்றிக்கொண்டே போகாவிட்டால், தலைமடை பாயும், கடைமடை காயும். "திறந்துதானே இருக்கிறது" என்பது பதில் ஆகாது. அந்த மதகின் வாய்க்காலில் எத்தனை அங்குலம் ஓடுகிறது என்று அளவுகோலில் பார்த்துக் கேட்பதே சரியான கேள்வி. முறைப்பாசனம் வைக்கிற காலத்தில் இந்த அளவைக் குறித்து வைத்திருக்கும் சங்கங்களுக்கு மட்டும்தான் பேச்சு எடுபடும்.

வெள்ளக் காலத்தில் ஏரியின் குணமே வேறு. அப்போது தண்ணீர் வடவாற்றில் வருவதில்லை. மேற்கே அரியலூர், ஜெயங்கொண்டம் மேட்டு நிலத்து மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக நேரே ஏரிக்குள் இறங்கும். வடவாற்றை அடைக்கலாம், ஓடையை அடைக்க முடியாது. ஓடைகளில் விநாடிக்கு 10,000 கன அடி வந்தால் ஒரே நாளில் 864 மில்லியன் கன அடி. ஏரியின் பாதிக்கு மேல். இதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை முழு மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். "தண்ணீரை வீணாகக் கடலுக்கு விடுகிறார்கள்" என்று ஒவ்வோர் ஆண்டும் கிளம்பும் கோபம் நியாயம்போலத் தெரியும். கரையடியில் வீடு வைத்திருப்பவர் அப்படிச் சொல்வதில்லை.

உபரிநீர் வெளியேற இரண்டு வழி. வடகோடியில் பூதங்குடி பக்கம் வி.என்.எஸ்.எஸ். மதகு, அங்கே விட்டால் சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றில் சேர்ந்துவிடும், சேதம் குறைவு. தெற்கே லால்பேட்டை மதகு. அங்கே விட்டால் வெள்ளியங்கால் ஓடை. ஓடையின் கொள்ளளவுக்கு மேல் போனால் திருநாரையூர், சர்வராஜன்பேட்டை பக்கம் நட்ட பயிர் மூழ்கும். ஏரியைத் திறந்து ஊரைக் காப்பாற்றினால் இன்னோர் ஊரின் வயல் போகும் என்ற இக்கட்டு இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வெள்ளாற்றிலும் அதே நேரத்தில் வெள்ளம் வந்தால் வடக்கு வழியும் மந்தமாகிவிடும். உபரிநீர் ஏற்பாட்டுக்கு நாங்கள் ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மாட்டோம். மதகின் குறையால் இல்லை, மதகுக்குக் கீழே ஓடை போதாத குறையால்.

அந்த ஓடைகள்தான் வண்டலையும் கொண்டுவருகின்றன. ஓடை ஏரியைத் தொட்டதும் வேகம் இழக்கும், சுமந்து வந்ததை அங்கேயே கொட்டும். ஆகவே மேற்கோரம் மேடாகிக்கொண்டே வருகிறது. மேடான இடத்தில் முதலில் கோரை, பிறகு கருவை, பிறகு யாரோ ஒருவரின் பயிர். ஏரி முழுக்க ஒரே சீராக ஓரடி வெட்டுவோம் என்கிற திட்டங்கள் எழுத நன்றாக இருக்கும். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற இடத்தில் நின்றுபோகும். மதகு வாயின் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிற பள்ளத்தால் பாசனத்துக்கு ஒரு சொட்டும் பயனில்லை, அந்தத் தண்ணீர் மதகுக்கு ஏறாது. வெட்ட வேண்டியது மேற்கோர மேட்டை. அதோடு ஓடை வாய்களில் வண்டல் பிடிக்கும் குட்டைகளை வெட்டி, ஆண்டுதோறும் அவற்றை மட்டும் அள்ளினால் போதும்.

இந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுக்கும் விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். பழைய திட்டம் பாதியில் நின்று அதன் ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் பல ஆண்டுகள் கிடந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். புதிய வீராணம் திட்டம் 2004-இல் ஓடத் தொடங்கியது. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, 230 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்ட அளவு. விநாடிக்கு 74 கன அடிக்கு ஒரு கை கூடக்குறைய. பாசனத்துக்கு 400 கன அடி விடுகிற நாளில், வெளியே போகும் மொத்தத் தண்ணீரில் அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே ஐப்பசியில் கடைமடை காய்ந்தால் அதற்குச் சென்னையைக் குறைசொல்வது பொருந்தாது. ஆனால் தையில் மேட்டூர் மூடிய பிறகு நிலைமை தலைகீழ். வரத்து இல்லை, வெயில் ஏறுகிறது, ஆழமில்லாத அகன்ற ஏரி ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பம்புக்கென்று ஒரு மட்டம் காப்பாற்றியாக வேண்டும் என்பதால் கடைசித் தண்ணீருக்காக நிற்கிற பயிருக்கு மதகு மூடிவிடும். 400-ம் 74-ம் சேர்த்து எடுத்து, வரத்தே இல்லாவிட்டால், முழு ஏரி காகிதக் கணக்கில் 36 நாள். ஆவியாவதையும் மதகுக்கு எட்டாத அடித்தண்ணீரையும் கழித்தால் அதற்கும் குறைவு. சம்பாவில் நாள் அதிகம் பிடிக்கிற சி.ஆர். 1009 போன்ற ரகத்தை, கடைமடையில், தாமதமாக நடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நடுவது நல்லது.

சும்மா பார்க்க வருகிறவர்களுக்கும் சில வார்த்தை. படகு, பூங்கா என்று எதிர்பார்த்து வர வேண்டாம், நிழல் குறைவு. பார்க்க வேண்டியது தண்ணீரும் கரையும்தான். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து நிறைய. அங்கிருந்து லால்பேட்டை வந்து கரைச்சாலையில் வடக்கே சேத்தியாத்தோப்பு நோக்கிப் போனால் ஏரி இடப்பக்கமும், அதைவிடத் தாழ்வான வயல் வலப்பக்கமும் கூடவே வரும். இருபுறத்து மட்ட வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு இந்தச் சாலையை விட்டால் வேறு இடமில்லை. விக்கிரவாண்டி–கும்பகோணம் நெடுஞ்சாலையில் சோழத்தரம் வழியாக வருகிறவர்கள் மேற்குப் பக்கமாகவே போய்விடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரியின் வேலை எதுவும் விளங்காது. திறந்த மதகின் பக்கத்தில் குளிக்க இறங்காதீர்கள். மேலே அசைவில்லாமல் இருக்கும், அடியில் இழுக்கும்.

ஒரு நாள் முழுதாக இருந்தால் தண்ணீர் போகிற வழியிலேயே போகலாம்: காலையில் அணைக்கரை, அங்கிருந்து வடவாற்றங்கரை, உச்சிக்குள் காட்டுமன்னார்கோயில், மாலையில் லால்பேட்டையிலிருந்து பூதங்குடி. காட்டுமன்னார்கோயிலில் வீரநாராயணப் பெருமாள் கோயிலோடு உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலையும் விட வேண்டாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிச் சொல்லும் முதலாம் ராஜராஜன் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது.

போகிற மாதம் முக்கியம். சித்திரை, வைகாசியில் போனால் வெடித்த களியும் மாடுகளும்தான் இருக்கும், மதகின் அடிப்பலகையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் அது நல்ல காலம். மற்றவர்கள் மேட்டூர் திறப்பை நம்பிப் புறப்பட வேண்டாம். கீழணையிலிருந்து வடவாற்றில் விட்டுவிட்டார்கள் என்ற செய்தி வரட்டும், அதற்குப் பிறகு பத்து நாள் கழித்துப் போங்கள்.